இட்லித் தட்டில் பகவதி

அல்லிநேரியில் பகவதியைக் கழற்றி இட்லித் தட்டில் அடுக்கி வைத்திருந்த நாட்களில் ஊரில் ஒருத்தரும் ஃபேன் போடவில்லை, ஒருத்தரும் வாய்விட்டுத் தும்மவில்லை, பஸ் டிரைவர்கள்கூட ஜெயக்கொடியின் கடையைத் தாண்டுகிற மட்டும் ஹாரனில் கை வைக்காமல், பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிய மாட்டு வண்டி மாதிரி பையப் போனார்கள். ஆடி மாசம் வேறு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கிற காற்றில் அரிசிக் குருணை அளவு ஸ்க்ரூ பறக்காதா? அதனால் கடைக்கு மேற்கே ஓலைப் பாய் கட்டினார்கள், பாய் பிய்த்துக்கொண்டு போனதும் சாக்குப் படுதா கட்டினார்கள், அதுவும் போனதும் ஆட்களே வந்து முறை வைத்துத் தோளோடு தோள் ஒட்டிச் சுவர் மாதிரி நின்றார்கள். ஒரு பொம்பிளை தட்டில் கிடக்கிறாள், காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டால் அப்புறம் எந்தக் கடையில் போய் வாங்குவது?

பகவதி யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறவள். வாய் என்றால் உங்க வீட்டு வாய் எங்க வீட்டு வாய் இல்லை, ஊர் முழுக்க ஒரு வாயை வாடகைக்கு எடுத்த மாதிரி ஒரு வாய். எல்லாருக்கும் தெரிந்த சங்கதியை, எல்லாரும் முழுங்கிக்கொண்டு போகிற சங்கதியை, சம்பந்தப்பட்டவன் முகத்துக்கு நேரே நின்று சொல்லிவிடுவாள். டீக்கடைக்காரனிடம், "இது டீயா, பாத்திரம் கழுவின தண்ணியா?" என்பாள். கிராம சபையில் பஞ்சாயத்துத் தலைவர் வெயிலுமுத்து தெருவிளக்கு போட்ட கதையை வாசித்துக்கொண்டிருந்தால், "நேத்து ராத்திரி எங்க தெருவுல நான் உம்ம மூஞ்சியிலயே முட்டிக்கிட்டேன், எங்க வே லைட்டு?" என்பாள். ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய், "இவளுக்கு இருந்தாலும் இவ்ளோ வாய் ஆகாது" என்று பேசும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அந்த ஆடியில் தலைவர் குளத்தை மூட முடிவு பண்ணினார். அல்லிநேரிக்குப் பேரே அந்தக் குளத்தால் வந்தது. ஆனால் மண்ணைப் போட்டு நிரவி ஒரு கல்யாண மண்டபம் கட்டினால் ஊருக்கு அந்தஸ்து என்றார் தலைவர். ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் கால்நாட்டு, அதற்குள் குளம் தரையாகிவிட வேண்டும். டிப்பர் லாரிகள் சரள் மண்ணோடு வந்தன. ஊர் தன் தன் வாசலில் நின்று பார்த்தது. பகவதி ஒருத்திதான் கரையில் ஏறி லாரிக்குப் பின்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். லாரி பின்னால் வர, இவள் நகரமாட்டேன் என்று நிற்க, கரை மண் பொலபொலவென்று சரிந்து, மண்ணோடு மண்ணாக அவளும் குளத்துக்குள் போய்விட்டாள்.

ஊர் இறங்கிக் கரையில் தூக்கிப் போட்டபோது அவள் அணைந்திருந்தாள். வேறு எப்படிச் சொல்ல? செத்தவள் சில்லிட்டுப் போவாள், இவள் சில்லிடவில்லை. தூங்குகிறவள் கிள்ளினால் சிணுங்குவாள், இவள் சிணுங்கவில்லை. நர்ஸம்மா வந்து கையைப் பிடித்தாள், கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள், "இது எங்க கேஸு இல்ல" என்று சொல்லி எழுந்துகொண்டாள். அப்போது அரிசி மில் கோயில்பிச்சை அண்ணாச்சி, "தண்ணி பூந்திருக்கு, வேற ஒண்ணுமில்ல. எம் ஃபோனு போன மாசம் கிணத்துல விழுந்துச்சு, அரிசிக்குள்ள பொதைச்சு வச்சேன், சரியாப் போச்சு" என்றார். சரிதானே என்று ஊரும் பகவதியைத் தூக்கிக்கொண்டு போய், மில்லில் புழுங்கலரிசிக் குவியலுக்குள் கழுத்து வரைக்கும் புதைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு, புருசன் சொள்ளமுத்துவைக் காவலுக்கு வைத்தது.

இது செல்ஃபோன் ரிப்பேர் கடை ஜெயக்கொடி காதுக்கு எட்டினபோது அவள் யாரோ ஒருத்தியின் ஃபோனைத் திறந்து வைத்திருந்தாள். அப்படியே போட்டுவிட்டு மில் வாசலுக்கு வந்து நின்று கத்தின கத்தில் மேலே உட்கார்ந்திருந்த புறா எல்லாம் பறந்தது.

"எந்தக் கூறுகெட்ட மூதி அரிசில போடச் சொன்னது? அரிசி என்ன மருந்தா? தவிடும் தூசியும் உள்ள போயி அடையும், அவ்ளோதான். தண்ணி பட்டா உடனே தொறக்கணும்! தூக்குங்க அக்காவ!"

ஊர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டது. ஏனென்றால் ஜெயக்கொடியும் பகவதியும் போன ஆடியிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அது ஏன் என்பதும் ஊருக்குத் தெரியும்.

ஜெயக்கொடியின் கடை பஞ்சாயத்துக் கட்டிடத்தில் ஒரு ஷட்டர். போர்டில் 'தங்கப்பழம் செல் சர்வீஸ்' என்று இருக்கும். தங்கப்பழம் அவள் புருசன். திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். அங்கே அவனுக்கு இன்னொரு குடித்தனமும் அந்தக் குடித்தனத்தில் பிள்ளையும் உண்டு என்று ஊருக்கே தெரியும், ஆனால் ஊர் அவளிடம், "தீவாளிக்கு வந்துருவான்" என்றே வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தது. அவளும், "ஆமா, லீவு கிடைக்கல" என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். போன ஆடி வெள்ளியில் அம்மன் கோயிலில் பொம்பிளைகள் எல்லாம் தாலிக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தபோது, இவளும் மாற்றிக்கொண்டிருந்தபோது, பகவதி வந்து நேரே நின்றாள். "ஏட்டி, அவன் வரமாட்டான். அந்தத் தாலியக் கழட்டி உன் ஸ்க்ரூத் தட்டுல போடு, கழுத்தாவது இளைப்பாறும்" என்றாள். அவ்வளவு பேருக்கு முன்னால். அன்றைக்கு ஜெயக்கொடிக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் ஆத்திரம் வேறு, தண்ணீர் புகுந்த உருப்படி வேறு.

கடையில் இரண்டு பெஞ்சை ஒட்டிப் போட்டுப் பகவதியைக் கிடத்தினார்கள். அவள் கழுத்துக்குக் கீழே நாலு மச்சம் இருக்கும், அதிர்ஷ்டக்காரி என்று எல்லாரும் சொல்வார்கள். ஜெயக்கொடி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். மச்சம் இல்லை, ஸ்க்ரூத் தலை. ரொம்பச் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவள் திருக, நாலும் வழுக்கிக்கொண்டு வந்தன. நெஞ்சு மூடி டிபன் டப்பா மூடி மாதிரி லேசாகத் திறந்தது. அன்றைக்கு அல்லிநேரியில் வீட்டுக்கு வீடு விளக்கைப் போட்டுக்கொண்டு புருசன் பெண்டாட்டி மச்சத்தையும் பெண்டாட்டி புருசன் மச்சத்தையும் தடவித் தடவிப் பார்த்தார்கள், கல்யாணமான புதுசில்கூட அப்படிப் பார்த்தது இல்லை.

இனி தட்டு விஷயம். ஜெயக்கொடிக்குக் கல்யாணத்துக்குச் சீராக வந்தது பெரிய இட்லிச் சட்டி. தங்கப்பழம் போன பிறகு ஒருத்திக்கு எதற்கு அத்தனை இட்லி என்று தட்டுகளைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஒவ்வொரு குழியிலும் வெள்ளை வேட்டித் துணியை வெட்டிப் போட்டிருப்பாள், ஸ்க்ரூ உருளாது, கண்ணுக்கும் பளிச்சென்று தெரியும். முதல் குழிக்குப் பக்கத்தில் சிவப்பு நகப் பாலீஷால் ஒரு பொட்டு. கழற்றுகிறதை அந்தப் பொட்டிலிருந்து ஆரம்பித்து வரிசையாக வைத்துக்கொண்டே போவாள். திருப்பிப் பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னோக்கி வந்து பொட்டில் முடிப்பாள். ஏதாவது ஒரு ஸ்க்ரூ கூடக்குறைய ஆனால் என்ன என்று கேட்கிற ஆளிடம் சொல்வாள்: "நீள ஸ்க்ரூவக் குட்டை ஓட்டைல போட்டா உள்ள போர்டு கிழிஞ்சிரும். தட்டுல ஒண்ணு மிச்சம் இருந்தா நீ ரிப்பேர் பண்ணலன்னு அர்த்தம், களவாண்டுட்டன்னு அர்த்தம்."

பகவதிக்கு ஒரு சட்டித் தட்டு எப்படிக் காணும்? தெருவில் இருந்த இட்லித் தட்டெல்லாம் வந்தது. அந்த வாரம் ஊரே தோசையும் உப்புமாவுமாகத் தின்றது. முதலில் உள்ளேயிருந்து குளத்துத் தண்ணீர் வந்தது, பாசி வந்தது, ஒரு கெண்டைக் குஞ்சு உயிரோடு வந்தது. அதைச் சொம்புத் தண்ணீரில் விட்டு சொள்ளமுத்து குளத்துக்கே கொண்டு போனான். பிறகு கோயில்பிச்சை அண்ணாச்சியின் தவிடு. அதற்கும் பிறகு பகவதி. ட்வீசரில் ஒவ்வொன்றாக எடுத்து, தின்னர் மருந்தில் நனைத்த பிரஷ்ஷால் துடைத்து, காதுக்குக் கிட்டே கொண்டுபோனால் அது என்னவென்று அதுவே முணுமுணுத்தது. உப்பு பார்க்கிற நாக்கின் தகடு. பல்லியைக் கண்டால் அலறுகிற பயம், எள்ளளவு. விறுவிறுவென்று நடக்கிற ஸ்பிரிங். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கரண்டி கூடப் போடுகிற கை மனசு. சொள்ளமுத்து மேல் உள்ள பிரியம் அவன் நினைத்திருந்ததைவிடச் சிறிதாக இருந்தது, ஆனால் கையில் எடுத்தால் நல்ல கனம். அவன் அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் மூக்கைச் சிந்தினான்.

மத்தியானத்துக்கு மேல் நெஞ்சின் அடியிலிருந்து ஒரு கறுப்புத் தலை ஸ்க்ரூ வந்தது. ஜெயக்கொடி அதைக் காதுக்குக் கிட்டே கொண்டுபோனாள். "ஏட்டி, அவன் வரமாட்டான்" என்றது அது.

அவளுக்கு உள்ளங்கால் வரைக்கும் சுட்டது. முகத்துக்கு நேரே சொல்கிற ஸ்க்ரூ அது. எல்லாரையும் சொன்னது, அவளையும் சொன்னது. காற்றை மறைத்து நின்றவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், யாரும் பார்க்கவில்லை. குழியில் வைக்கப்போன கை, குழிக்குப் போகாமல் இடுப்புச் சுருக்குப் பைக்குப் போயிற்று. தொலைந்துவிடக் கூடாதே என்று பத்திரமாகத் தனியே வைக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். துணி போட்ட அந்தக் குழி வெறுமனே கிடந்தது.

மறுநாளிலிருந்து சுவராக நின்ற ஊர் மெல்ல மெல்லத் தலையைத் திருப்ப ஆரம்பித்தது. நின்ற இடத்திலிருந்து தட்டுகள் தெரியும் அல்லவா? ஒருத்தியை உதிரி உதிரியாகப் பார்க்கும்போது, அட, இதில் ரெண்டைக் குறைத்துக்கொண்டால் எவ்வளவு சௌகரியம் என்று தோன்றாதா? முதலில் வந்தது சொள்ளமுத்துதான். தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"ஜெயக்கொடி, சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணி வைக்க ஏலுமா? முழுசா எடுக்க வேண்டாம். சும்மா, பக்கத்து வீட்டுக்குக் கேக்காத அளவுக்கு."

"அத்தான், அவ சத்தத்துலதான நீரு காலைல முழிக்கீரு? கம்மி பண்ணிட்டு எத வச்சி எந்திரிப்பீரு? போயி காத்த மறையும்."

டீக்கடைக்காரன் வந்தான். பகவதியின் நாக்குத் தகட்டைக் கொஞ்சம் மழுக்க முடியுமா என்றான். கோயில்பிச்சை அண்ணாச்சி வந்தார். அவருக்கு அரிசி யோசனை சொன்ன குற்ற உணர்ச்சி ஒரு பக்கம், மில் எடைக்கல் எடை குறைச்சல் என்று பகவதிக்கு இருந்த ஞாபகம் இன்னொரு பக்கம். "அந்த ஞாபகம் மட்டும் தண்ணில நனைஞ்சு கெட்டுப்போச்சுன்னு வச்சுக்கிடுவோமே. பதிலுக்கு எம் மில்லு மிஷினு ஸ்க்ரூ ஒண்ணு தாரேன், நல்ல கெட்டி" என்றார். ஜெயக்கொடி ட்வீசரை நீட்டிக்கொண்டு எழுந்ததைப் பார்த்ததும் பழையபடி வரிசையில் போய் நின்றுகொண்டார். சாம்பிராணி போட வந்தவர்களையும் அவள் விரட்டினாள், மஞ்சள் தண்ணீர் தெளிக்க வந்தவர்களையும் விரட்டினாள். டீக்கடை பெஞ்சில் சாயங்காலம் சாயங்காலம், பகவதியில் எது இருக்கலாம் எது போகலாம் என்று பேச்சு. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற மாதிரி ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள்.

கடைசியாகத் தலைவர் வெயிலுமுத்து வந்தார், வெள்ளை வேட்டி காற்றில் படபடக்க, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

"தங்கச்சி, நான் அதிகம் கேக்கல. ஒண்ணே ஒண்ணு. முகத்துக்கு நேரா பேசுத அந்த ஸ்க்ரூ. தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிரு. ஸ்க்ரூ தொலையாத கடை உலகத்துல எங்க இருக்கு? அவளுக்கும் நல்லது, வீணா லாரிக்கு முன்னால போயி நிக்க மாட்டா. சனிக்கிழம லாரி திரும்ப வருது." பழத்தை மேஜையில் வைத்துவிட்டு ஷட்டரை நிமிர்ந்து பார்த்தார். "பஞ்சாயத்துக் கடைதான இது?"

ஜெயக்கொடி எழுந்தாள். சுவராக நின்ற ஊர் மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டது.

"தலைவரே, எங்கிட்ட வந்த சாமான் முழுசாத்தான் திரும்பிப் போகும். எடுத்ததுல ஒண்ணக் குறைச்சு வச்சு மூடுத பழக்கம் எங்கிட்ட கிடையாது, உம்ம ஆபீஸ்ல இருக்கலாம். பழத்த எடும். எடுத்துட்டுப் போயி அந்த ஓரத்துல நின்னு காத்த மறையும், வேட்டிய நல்லா அகலமா விரிச்சிப் பிடிச்சா ஊருக்கு ஒதவியா இருக்கும்."

ஊருக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. தட்டினால் காற்று வரும் என்று ஆளுக்கு ஆள் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். தலைவர் முகம் சுண்டிக் கிளம்பிப் போனார். ஜெயக்கொடி உட்கார்ந்தாள். இடுப்பில் சுருக்குப் பைக்குள் அந்த ஸ்க்ரூ கட்டெறும்பு மாதிரி சுருக் சுருக்கென்று குத்திக்கொண்டே இருந்தது. ஊர் அவளை மெச்சியது.

சனிக்கிழமை காலையில் எல்லாம் காய்ந்துவிட்டன. கடைசித் தட்டின் கடைசிக் குழியிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி ஒவ்வொன்றாகப் பூட்டினாள். அந்த வெறும் குழி வந்தது. கை ஒரு நிமிஷம் நின்றது. கறுப்புத் தலை ஸ்க்ரூ இல்லாமலும் எழுந்திருப்பாள், ஒன்றும் ஆகாது, யாருக்கும் தெரியாது, ஊரே கேட்டதுதானே, எனக்கு மட்டும் என்ன தலையெழுத்து, ஒவ்வொரு ஆடியிலும் அம்மன் கோயிலில் நின்று அவமானப்பட? கை அடுத்த குழிக்குப் போய்விட்டது. நெஞ்சு மூடியை வைத்து நாலு மச்சத்தையும் திருகிவிட்டு, தொண்டைக் குழியில் கட்டை விரலை வைத்து அழுத்திப் பிடித்தாள்.

பகவதி கண்ணைத் திறந்தாள். ஊர் ஓவென்று கத்தியது. ஒரு வாரமாகக் காற்றை மறைத்து நின்றவர்கள் கலைந்து உள்ளே முண்டியடித்தார்கள்.

"எல்லாரும் நல்லாருக்கீங்களா?" என்றாள் பகவதி. சிரித்தாள். அப்படிச் சிரித்து யாரும் பார்த்தது இல்லை, ஜவுளிக் கடை பொம்மை சிரிக்கிற சிரிப்பு.

டீக்கடைக்காரன் ஓடிப்போய் ஒரு கிளாஸ் கொண்டுவந்தான். குடித்துவிட்டு, "டீ ரொம்ப ருசி அண்ணாச்சி" என்றாள். அவன் முகம் வெளுத்துவிட்டது. அதில் சீனி போட மறந்திருந்தான். தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "பகவதி, குளத்த மூடலாம்லா?" என்று கேட்டார். "மூடுங்க, மூடுங்க. உங்களுக்குத் தெரியாததா? பெரியவங்க நல்லதுதான செய்வீங்க" என்றாள் பகவதி. தலைவர் அங்கேயே நின்று லாரிக்காரர்களுக்கு ஃபோன் போட்டார். வேண்டும் வேண்டும் என்று ஊர் கேட்டது கிடைத்துவிட்டது. இவள் சொல்லாவிட்டால் இனி யார் சொல்வது என்று ஆளுக்கு ஆள் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். "இது எம் பொண்டாட்டி இல்ல" என்று சொள்ளமுத்து சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தான்.

பகவதி ஜெயக்கொடி பக்கம் திரும்பினாள். அவள் கன்னத்தைத் தடவினாள்.

"நீ கவலைப்படாதட்டி. உன் வீட்டுக்காரரு இந்தத் தீவாளிக்குக் கண்டிப்பா வந்துருவாரு."

ஊர் முழுக்க, வருஷா வருஷம், வாய் வாயாய் அவளுக்குச் சொன்ன பொய் அது. ஒரே ஒரு வாய்தான் அதைச் சொல்லாத வாயாக இருந்தது. அந்த வாயும் இப்போது சொல்லிவிட்டது. அதைக் கேட்டபோதுதான் ஜெயக்கொடிக்கு அழுகை வந்தது. போன ஆடியில் அத்தனை பேருக்கு முன்னால் கேட்டபோதுகூட இப்படி வலிக்கவில்லை. அன்றைக்கு வலித்தது ஒரு ஆள் பக்கத்தில் நின்று சொன்ன வலி. இன்றைக்குப் பக்கத்தில் ஆளே இல்லை.

"எக்கா, படு" என்றாள். "திரும்பப் படு."

பகவதி சொன்ன பேச்சைக் கேட்டுப் படுத்தாள். அதுவும் பார்க்கச் சகிக்கவில்லை. ஜெயக்கொடி சுருக்குப் பையை அவிழ்த்து, கறுப்புத் தலை ஸ்க்ரூவை ட்வீசரில் பிடித்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினாள்.

"தலைவரே, நீரு கேட்ட ஸ்க்ரூ இதுதான். நீரு கேக்கும் முன்னயே எடுத்து ஒளிச்சு வச்சவ நாந்தான். உம்மள அவ்ளோ பேசுனனே, அப்பவும் இது எம் இடுப்புலதான் இருந்துச்சு. களவாணிப் பய மக நான். கேட்டுக்கோங்க எல்லாரும்!"

"போடாத ஜெயக்கொடி" என்றார் தலைவர். குரல் மாறிவிட்டது. "போட்டேன்னா, இன்னைக்கே கடையக் காலி பண்ணிரணும்."

"பண்ணுதேன். இட்லித் தட்டையும் ஸ்க்ரூ டிரைவரையும் தூக்கிட்டுப் போக எனக்கு லாரி வேண்டாம்."

தொண்டைக் குழியை அழுத்தி அவளை அணைத்துவிட்டு, மறுபடி நாலு மச்சத்தையும் திருகினாள். மூடியைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து மேற்கேயிருந்து காற்று வந்தது. மலையிலிருந்து இறங்கி, குளத்தைத் தடவி, தெரு மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு வந்த காற்று. மறைக்க ஒருத்தரும் இல்லை. ட்வீசர் முனையில் ஸ்க்ரூ ஆடியது. ஒரு கையால் அதைப் பொத்திக்கொண்டு, "மறைங்களேன், செத்த மூதிகளா!" என்று கத்தினாள் ஜெயக்கொடி.

முதலில் ஓடினவன் சொள்ளமுத்து. வாசலில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றான். அவன் பக்கத்தில் டீக்கடைக்காரன். அவன் பக்கத்தில், எடைக்கல் ஞாபகம் திரும்பி வரப்போகிறது என்று தெரிந்தும், கோயில்பிச்சை அண்ணாச்சி. பிறகு சத்துணவுக்கூடத்துப் பொம்பிளைகள், பிறகு தெரு, பிறகு ஊர். தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள், முகத்தில் மண் அடிக்க அடிக்க நின்றார்கள், தும்மல் வந்தவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வர நின்றான். தலைவர் சுவருக்கு வெளியே தனியே நின்று வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். காற்று சுவரில் முட்டித் திரும்பிப் போனது. ஜெயக்கொடி கறுப்புத் தலை ஸ்க்ரூவை அதன் ஓட்டையில் வைத்து, முதல் சுற்று, இரண்டாம் சுற்று, இனி அசையாது என்று கைக்குத் தெரிகிற மட்டும் திருகினாள். மூடியைப் பூட்டித் தொண்டைக் குழியை அழுத்தினாள்.

பகவதி எழுந்து உட்கார்ந்து முதலில் வாயில் மிச்சமிருந்த டீயைத் துப்பினாள்.

"எந்தக் கேனையன் என்னைய அரிசிக்குள்ள போட்டது?"

ஊருக்குச் சந்தோஷத்தில் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கோயில்பிச்சை அண்ணாச்சி, "நாந்தான்மா" என்று ஒரு கையைத் தூக்கினார். "நெனச்சேன். ஆளும் எடைக்கல்லும் ஒரே லட்சணம்" என்றாள். டீக்கடைக்காரனைப் பார்த்து, "சீனி எங்கல?" என்றாள். சுவருக்கு வெளியே நின்ற தலைவரைப் பார்த்து, "என்ன வே, லைட்டு போட்டாச்சா?" என்றாள். கடைசியாக ஜெயக்கொடியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள்.

"இன்னும் கழட்டலையாட்டி நீ?"

ஜெயக்கொடி தலையைக் குனியவில்லை. "இல்லக்கா" என்றாள்.

அந்நேரம் கிழக்கே லாரிச் சத்தம் கேட்டது. பகவதி சேலையை உதறிக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கி நடந்தாள். சுவராக நின்ற ஊர் பார்த்துக்கொண்டே நின்றது. ஒரு வாரமாகக் காற்றுக்கு எதிரே நின்று நின்று கால் பழகியிருந்தது. இனி கலைந்து வாசலுக்கு வாசல் போய் நின்று வேடிக்கை பார்க்க அந்தக் கால்களுக்கு மறந்துபோயிருந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஒட்டிய தோள் பிரியாமல் அப்படியே திரும்பி, சுவர் மொத்தமும் அவள் பின்னால் குளத்துக்குப் போனது.

கடையில் ஜெயக்கொடி மட்டும் இருந்தாள். தட்டுகள் எல்லாம் காலி, ஒரு குழியிலும் ஒன்றும் மிச்சம் இல்லை. அவள் இரண்டு கையையும் கழுத்துக்குக் கொண்டுபோய், மஞ்சள் கயிற்றைத் தலை வழியாகக் கழற்றினாள். கனம் ஒன்றும் இல்லை, இத்தனை வருஷம் கனத்ததெல்லாம் என்ன என்று ஆச்சரியமாகத்தான் இருந்தது. சிவப்புப் பொட்டு வைத்த முதல் குழியில் அதைச் சுருட்டி வைத்தாள். கழற்றினதையெல்லாம் திருப்பிப் பூட்ட வேண்டும் என்பது அவள் தொழில். இது ஒன்றைப் பூட்டப்போவதில்லை. பிறகு எழுந்து, ஒரு வாரமாக யாரும் தொடாத ஃபேன் சுவிட்சைப் போட்டாள். மற்றக் குழிகளில் துணிகள் படபடவென்று பறந்தன. அவள் ஷட்டரை இறக்கிவிட்டு நடந்தாள்.

குளக்கரையில் ஊர் வரிசையாக நின்றது, எதிரே லாரி என்ஜினை அணைத்துவிட்டு நின்றது. டிரைவர் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான். நடுவில் இடுப்பில் கை வைத்து நின்ற பகவதி, ஜெயக்கொடி வருவதைப் பார்த்தாள். அவள் வெறும் கழுத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டாள்.